"ஆராய்ச்சிப்படிதான் செய்கிறோம்" என்றால் போதுமா?

1970களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குள் பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தி மிரட்ட வைத்தார்கள், பயத்திலேயே திருந்திவிடுவார்கள் என்று நம்பி. ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட் என்று பெயர். 1978-ல் வந்த ஆவணப்படம் ஆஸ்கரும் வாங்கியதில் இது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பிற்பாடு, 1967 முதல் 1992 வரை இந்தப் பாணியில் நடந்த ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகமாக மறுபடி குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். இது தெரிந்த பிறகும், 2011-ல் அதே மிரட்டலை வைத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடியது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, குற்றத்தில் சிக்கும் பிள்ளைகளைக் கையாளும் ஒரு சிறார் நீதி அமைப்பு ஆராய்ச்சியைப் பயன்படுத்துகிறதா என்று எப்படி அளப்பது? நேராகக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் பாலின்காஸின் குழு இதற்கென்றே ஒரு நேர்காணல் முறையை உருவாக்கியது. தகவல் எங்கிருந்து வருகிறது, அதை நம்பலாமா என்று எப்படி எடைபோடுகிறீர்கள், கடைசியில் அதைக் கையாண்டீர்களா ஒதுக்கிவிட்டீர்களா என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. ஒதுக்கியதையும் கேட்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் முடிவெடுப்பதோடு வேலை முடிவதில்லை. வாஷிங்டன் மாநிலம் 1997-ல் சட்டமே போட்டு, ஆய்வில் பலன் தந்த திட்டங்களைச் சிறார் நீதிமன்றங்களுக்குக் கொண்டுவந்தது. அதில் ஒன்று ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி, அதாவது பிள்ளையை மட்டும் பிடித்துப் புத்தி சொல்லாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் சிகிச்சை. காகிதத்தில் பார்த்தால் எல்லா நீதிமன்றமும் ஆராய்ச்சியைப் பின்பற்றியதாகத்தான் இருக்கும். மாநிலத்தின் பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2004-ல் சிகிச்சையாளர்களின் திறமையை வைத்துப் பிரித்துப் பார்த்தது. முறைப்படி, திறமையாகச் செய்தவர்களிடம் போன பிள்ளைகளிடையே பெருங்குற்றங்கள் 18 மாதங்களில் 38 சதவீதம் குறைந்திருந்தன. அரைகுறையாகச் செய்தவர்களிடம் போனவர்களுக்குப் பலனே இல்லை. ஒரே திட்டம், ஒரே கையேடு! எத்தனை நீதிமன்றங்களில் நடக்கிறது என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்குமா?

அதனால் யாராவது "எங்கள் மாவட்டத்தில் ஆய்வு அடிப்படையில்தான் எல்லாம்" என்று அறிக்கை காட்டினால், அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியது யார், அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், அவர் வேலையை யார் கூட இருந்து கவனித்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.