குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி

வாடிக்கையாளர் பதிவில் குடும்பப் பெயருக்கான கட்டம் கட்டாயமாக்கப்பட்டதும், மலேசியாவின் பினாங்கில், எங்கள் பட்டர்வொர்த் கிளைக் கவுண்டரில் இருந்த அக்கா அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடத் தொடங்கினார். பாயான் லெப்பாசில் உட்கார்ந்து தரவுகளைச் சரிபார்க்கும் எனக்கு அந்தப் புள்ளிகள் மாதக் கடைசியில்தான் தென்பட்டன. 'முழுமை' என்னும் அளவுகோலில் அந்தக் கிளைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. கட்டம் காலியாக இல்லையே! ஆகவே, குறைந்தது இரண்டு எழுத்துகளாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தேன்.

அன்றே அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, புள்ளியப் பாத்தா இங்க ஒன்னுமில்லன்னு யாருக்கும் தெரியும். எழுத்துதான் வேணும்னா அப்பா பேரப் போட்டுடறேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"விதி அப்படித்தான் அக்கா" என்றேன். பிறகு ஒரு பெண்மணிக்குப் போன கடிதத்தில், 'புவான்' (திருமதி) என்ற விளிக்குப் பக்கத்தில் அவருடைய காலமான தந்தையின் பெயர் அச்சாகியிருந்தது.

மலேசிய அடையாள அட்டையில் பெயர் முழுப் பெயராகவே இருக்கிறது. தமிழர்களான நமக்கு அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). மலாய்க்காரர்களுக்கு அதே இடத்தில் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்). சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முன்னால் வரும். ஆளை அடையாளம் காண்பதற்கு அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களே போதும்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இதையெல்லாம் வட்டாரக் குழுவிடம் சொல்லாமல் இல்லை. எல்லா நாடுகளுக்கும் ஒரே பதிவுச் சட்டகம் என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. சட்டகம் வருவதற்கு முன்பு, ஒரே மனிதர் மூன்று கிளைகளில் மூன்று எழுத்துக்கூட்டலோடு மூன்று பேராக இருந்ததை நான் மறந்துவிடவில்லை. அந்தக் குழப்பத்தில் நேர்மை இருந்தது என்று இப்போது பெருமை பேசினால் அது பொய்.

ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால் அதன் நம்பகம் குலையும் என்ற பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் 1975ஆம் ஆண்டுக் கருத்தை இத்தகைய இடங்களில் மேற்கோள் காட்டுவார்கள். இங்கே அது பாதிதான் பொருந்துகிறது. அக்கா மதிப்பெண்ணுக்காக எதையும் திரிக்கவில்லை. அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே உண்மையான விடையைத்தான் எழுதினார். திரிபு என் விதிக்குப் பிறகே வந்தது. ஆனால் புள்ளியை அனுமதித்திருந்தால், அவசரத்தில் இருக்கும் எல்லாக் கவுண்டரிலும் எல்லாக் கட்டத்திலும் புள்ளிதான் விழுந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

'பொருந்தாது' என்றொரு தெரிவைச் சேர்க்கும்படி இப்போது கேட்டிருக்கிறேன். சேர்க்கலாம், ஆனால் எத்தனை விழுக்காடு வரை அனுமதிப்பது என்று வரம்பு சொல்லுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால், அப்படியானால் கட்டமே எதற்கு என்பார்கள்; குறைத்து எழுதினால், வரம்புக்கு மேல் வருகிறவர்களுக்கு அக்கா மறுபடியும் அப்பா பெயரைத்தான் போடுவார்.