மாரிக்கு முதல் ஏணி தேடும் ஊர்

புரட்டாசி வெயிலில் கூரையில் ஏறச் சொன்னால் மட்டக்களப்பில் ஒருத்தரும் ஏறமாட்டார். ஐப்பசியில் முதல் மழை பொத்துக்கொண்டு ஊற்றும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் கூரை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். உடனே ஏணி தேடல். அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். அவர் அதை மச்சானுக்குக் கொடுத்திருப்பார். மச்சான் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்.

ஏணி கிடைத்தாலும் காரியம் ஆகாது. தாரோ, தார் பூசிய அலுமினிய ஒட்டுப்பட்டியோ ஈரத்தில் ஒட்டாது. தூசியிலும் ஒட்டாது. கூரை இரண்டு நாளாவது காய்ந்திருக்க வேண்டும். மாரி தொடங்கிய பிறகு அந்த இரண்டு நாளுக்கு எங்கே போவது?

அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஒழுக்கு பெரும்பாலும் கொக்கி ஆணி போட்ட ஓட்டையில்தான் தொடங்கும். வெயிலில் வொஷர் காய்ந்து வெடிக்கும், ஆணி துருப்பிடிக்கும், தண்ணி ஆணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். சீற்றின் நடுவில் கால் வைக்காதீர்கள், உடைந்தால் ஆள் நேரே கட்டிலில்தான் இறங்குவார். கொக்கி வரிசை போகிற இடத்தில், அதாவது சீற்றைத் தாங்கும் வளை மரத்துக்கு மேலே, குறுக்காகப் பலகை போட்டு நடக்க வேண்டும். சீற்றைத் தேய்க்கவும் துளைக்கவும் கூடாது, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தகரக் கூரை என்றால் ஆணி நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடிவரும் தண்ணிக்கு நாமே வழி விட்ட மாதிரி.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவது அடுத்த கூத்து. தண்ணி சிலாகைச் சட்டத்தில் ஓடி, வளைக்குத் தாவி, வேறெங்கோ வந்து சொட்டும். ஒருவர் மேலே வாளியோடு, ஒருவர் உள்ளே சோக்கட்டியோடு நிற்க வேண்டும். தாழ்வாரப் பக்கம் தொடங்கி மெல்ல மெல்ல முகட்டை நோக்கி ஊற்றிக்கொண்டு போங்கள். முகட்டில் இருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒரேயடியாக ஒழுகும், எது எதென்று தெரியாது. மேலே நிற்பவர் "வருதா?" என்பார். உள்ளே நிற்பவர் "எங்க?" என்பார். புருசன் பெண்சாதி இந்த வேலையைச் சேர்ந்து செய்யாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் போனில் சொல்வார், அங்கே கடுங்குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க இரவில் பைப்பைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விடுவார்களாம். இங்கே அந்த வேலையைக் கூரையே பார்த்துக்கொள்கிறது.

கூரைத் தண்ணி ஓடும் பீலியை வழித்துவிட்டு சாய்வையும் பாருங்கள். 10 அடிக்குக் கால் அங்குலமாவது சாய வேண்டும். தேங்கினால் டெங்கு நுளம்பு ஒரு கிழமை, பத்து நாளில் முட்டையில் இருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும், பின்னாலேயே பீ.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். முருங்கையை மூன்று நாலு அடி உயரத்தில் தறித்துவிடுங்கள், வீட்டு அம்மா அழுதாலும் சரி. அது காற்றுக்கு முறியும், தறித்தால் மறுபடி துளிர்க்கும். தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய காய் எல்லாவற்றையும் இறக்குங்கள்.

மேலே இருக்கும் தண்ணித் தாங்கி காலியாக இருந்தால் காற்று அதைப் பந்தாடும். 500 லீற்றர் தாங்கி நிறைந்தால் அரைத் தொன், அதுவே நங்கூரம். காற்றுச் செய்தி வந்ததும் நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட அப்பப்பா வீட்டில் இருந்தால் இதை நம்மை விட நன்றாகச் சொல்வார், ஆனால் விடியும் வரை சொல்வார். அவர் கதையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சூறாவளியின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று தகரம் பொறுக்க வெளியே போகக் கூடாது. கொஞ்சத்தில் எதிர்த் திசையில் இருந்து அடிக்கும்.

கக்கூஸ் குழியையும் புரட்டாசியிலேயே இறைத்துவிட வேண்டும். மழை தொடங்கினால் குழி இறைக்கும் கலி பவுசர் லொறிக்கு வரிசை. வந்தாலும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எழுவான்கரை மணலில் நிலத்தடித் தண்ணி மேலே ஏறியிருக்கும். குழியை இறைக்க இறைக்க ஊறும், காசு கொடுத்து வாவியை இறைத்த கணக்குத்தான். வெள்ளம் ஏறினால் கோப்பை வழியாக எல்லாம் திரும்பி வரும் என்பதால், பொலித்தீனில் சுற்றிய மண்மூட்டை ஒன்றைக் கோப்பை வாயில் அழுத்தி வையுங்கள்.

வாசலுக்கு மண்மூட்டை அடுக்குபவர்கள் உரப்பையை வாய்வரை நிரப்பி உருண்டையாகக் கட்டுகிறார்கள். அது பக்கத்து மூட்டையோடு ஒட்டாது, இடுக்கால் தண்ணி வரும். பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வாயை அடியில் மடித்து, செங்கல் கட்டுவது போல் மூட்டு மாற்றி வைத்து மிதியுங்கள். கொங்கிறீற் ரோட்டு உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன ஒழுங்கைகளில் இதை விட்டால் வழியில்லை.

பிரிட்ஜைக் கல் வைத்து உயர்த்துங்கள். பிளாஸ்ரிக் போத்தல்களில் தண்ணி விட்டு மேல்தட்டில் உறைய விடுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணி 9 சதவீதம் அளவு பெருக்கும். கரண்ட் போன பிறகு கதவைத் திறக்காவிட்டால் கீழ்த்தட்டு நாலு மணித்தியாலம் தாங்கும். ஆனால் கரண்ட் போனதும் இந்த ஊரில் எல்லாரும் முதலில் செய்வது, மீன் பழுதாகிவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. தண்ணி பிளக்கை எட்டும் முன்பே மெயின் சுவிச்சை அணைக்க வேண்டும். எட்டிய பிறகு தண்ணிக்குள் நின்று அதைத் தொடக் கூடாது.

வெள்ளம் வடிந்ததும் கிணறு. அதற்குக் குளோரின் போட, உள்ளே எவ்வளவு தண்ணி என்று தெரிய வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணி ஆழத்தால் பெருக்கி, அதை 785ஆல் பெருக்குங்கள். அளவு மீற்றரில் இருந்தால் விடை லீற்றரில் வரும். 1.2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் தண்ணியும் என்றால் ஏறத்தாழ 3,400 லீற்றர். அந்த இலக்கத்தைப் பீ.எச்.ஐ.யிடம் சொன்னால் எவ்வளவு குளோரின் என்று அவர் சொல்வார். "அரைக் கிணறு தண்ணி சேர்" என்றால் அவர் எதைப் பிடித்துக் கணக்குப் பார்ப்பது? அதுவரை குடிதண்ணியைத் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். அதற்குக் காய்ந்த விறகு வேண்டும், விறகு எங்கே நனைந்து கிடக்கிறது என்று இப்போதே பாருங்கள்.