இடது விசை

ஆற்றங்கரையில் தம்பி நிற்கிறான். வலது விசையை எத்தனை முறை அழுத்தினாலும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறான்.

2013இல் வந்த வீடியோ கேம் ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. இயக்கம் ஜோசஃப் ஃபாரெஸ். (முடிவைச் சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் நகர்ந்துவிடுங்கள்.)

கன்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சியும் விசையும் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. திரையில் இருவரும் இடம் மாறி நின்றால் கை குழம்பி ஒருவன் சுவரில் முட்டுவான். அண்ணனை இடப்பக்கமே நடத்துங்கள்.

அம்மா நீரில் மூழ்கிப் போனவள். தம்பிக்கு நீச்சல் பயம். அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் ஆறுகளைக் கடந்தான்.

இப்போது அண்ணன் இல்லை. நம் இடது கை சும்மா கிடக்கிறது.

அந்த அண்ணனின் விசையை அழுத்தினால்தான் தம்பி நீந்துகிறான்!

விளக்கிச் சொல்லும் ஒரு வசனம் கிடையாது அங்கே.

தயவுசெய்து கீபோர்டில் ஆடாதீர்கள். அந்த வெறுங்கை அதில் உறைக்காது.