ஒரே குடும்பம், நான்கு பட்டியல்

அரிசி லொறியில் வந்து இறங்கிய பிறகும் நிவாரணம் தேங்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. அது பட்டியல். கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒன்று, கோயில் சபையிடம் ஒன்று, வெளியூரிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்திடம் இன்னொன்று. ஊர் ஒன்றுதான், எண்ணிக்கை நான்கு விதம். ட்ரோன், செயற்கைக்கோள் என்று பேச்சு ஓடும் காலத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் திருகோணமலை மாவட்டத்து மூதூரிலோ வெருகலிலோ தண்ணீர் ஏறிய இரவில், எனக்குத் தெரிந்தவரை எந்த மென்பொருளும் ஒரு சுத்தமான குடும்பப் பட்டியலுக்கு ஈடாகாது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதிய ‘சஹானா’ இந்தத் தேவையிலிருந்துதான் பிறந்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவும் அமைப்புகள், பொருள் கோரிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில். பின்னர் வேறு நாடுகளிலும் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று அதைவிட எளிய கருவிகள் கையில் இருக்கின்றன. படிவம் நிரப்பித் தரவு திரட்டும் கோபோ டூல்பாக்ஸ் இலவசம், அண்ட்ராய்ட் போனில் சிக்னல் இல்லாமலும் ஓடும். எனவே கருவிக்குப் பஞ்சமில்லை. ஒரு குடும்பத்தை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

அடையாள அட்டை இலக்கம் போதும் என்று நினைப்போம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். அட்டையைப் புதுப்பித்த ஒருவர் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்தோடும் இன்னொன்றில் புதிய இலக்கத்தோடும் இருந்தால், கணினிக்கு அவர் இரண்டு பேர். மாற்றும் விதி எளிது: பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்க்க வேண்டும், முதல் ஐந்து இலக்கங்கள் அப்படியே, பிறகு ஒரு 0, பிறகு கடைசி நான்கு இலக்கங்கள். எழுத்தை விட்டுவிடலாம். பட்டியல்களை ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் பன்னிரண்டு இலக்கமாக்கிவிட்டால் ஒரு பெரிய தலையிடி தீரும். பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். படிவத்தில் ‘ஆண்’ என்று பதிந்து அந்த மூன்று இலக்கம் 500க்கு மேல் வந்தால் எங்கோ தட்டச்சுப் பிழை.

அடுத்த பொறி எக்செல். பன்னிரண்டு இலக்கத்தை அப்படியே தட்டினால் அது எண் என்று நினைத்து, புள்ளியும் அடுக்குமாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) கோப்பாகச் சேமித்தால் சுருக்கம் மட்டும்தான் மிஞ்சும், இலக்கம் போனது போனதுதான். தொலைபேசி எண்ணில் முன்னால் உள்ள பூச்சியம் காணாமற்போவதும் இதே காரணத்தால். பதியத் தொடங்குமுன் அந்த இரண்டு நிரல்களையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள், பதிந்த பிறகு மாற்றிப் பயனில்லை.

பெயர்களில் தொல்லை இரட்டிப்பு. அலுவலகங்களிலிருந்து வரும் பட்டியல் பல வேளை பாமினி எழுத்துருவில் இருக்கும். அது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் பதிந்த பட்டியலோடு ஒட்டினால் ஒரு பெயரும் பொருந்தாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு குறைந்தது இருபது பெயரையாவது கண்ணால் சரிபாருங்கள். கோபோவிலிருந்து எடுத்த சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தாலும் தமிழ் குப்பையாகத் தெரியும். எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது. இவ்வளவும் செய்தாலும் முகமது, முஹம்மது, மொஹமட் மூன்றும் ஒருவரா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறி வரும். பெயர் பொருத்தம் சந்தேகத்தை எழுப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

இதையெல்லாம் விட ஆழமான கேள்வி, குடும்பம் என்றால் யார்? கிழக்கில் கலியாணம் முடித்த மகள் பெரும்பாலும் தாய் வளவிலேயே இருக்கிறாள். ஒரு வளவில் மூன்று வீடு. ஒரு பட்டியலில் தகப்பனின் பெயரில் ஒரு குடும்பம், இன்னொன்றில் மூன்று மருமக்கள் பெயரில் மூன்று. கணவன் ஒரு வரிசையில் தன் அட்டையைக் கொடுத்திருப்பார், மனைவி அடுத்த வரிசையில் தன்னுடையதை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கேட்ட கேள்விதான் பிழை. கேட்க வேண்டியது: “இந்த அடுப்பில சமைச்சு எத்தின பேர் சாப்பிடுறீங்க?” ஓர் அடுப்பு, ஒரு குடும்ப இலக்கம். அந்த இலக்கத்தின் கீழ் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய அட்டை இலக்கமும் வர வேண்டும். யாராவது ஒருவருடைய இலக்கம் வேறு குடும்பத்தில் தென்பட்டால் அதை மட்டும் விசாரித்தால் போதும். அட்டை வெள்ளத்தில் போனவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. பிறந்த திகதி, தொலைபேசி, கிராம உத்தியோகத்தரின் உறுதி மூன்றையும் பதிந்து ‘அட்டை இல்லை’ என்ற குறியோடு உள்ளே எடுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. ஊர்ப்பெயரைத் தட்டச்சுச் செய்ய விட்டால் ஈச்சிலம்பற்று ஐந்து விதமாக எழுதப்படும். படிவத்தில் பிரதேச செயலகம், அதற்குள் கிராமப் பிரிவு என்று தெரிவு செய்ய மட்டும் விடுங்கள். ஜிபிஎஸ் புள்ளி எடுக்கிறவர் தகரக் கூரைக்குக் கீழே நிற்காமல் முற்றத்துக்கு வந்து, துல்லியம் 10 மீற்றருக்குள் வரும்வரை பொறுக்க வேண்டும். இதற்கு டேட்டா தேவையில்லை. எண்களைக் கையால் பதிந்தால் ஒரு காவல் வையுங்கள்: அகலாங்கு 8க்கும் 9.1க்கும் இடையில், நெட்டாங்கு 80.7க்கும் 81.5க்கும் இடையில். இரண்டையும் மாறிப் போட்டால் கிண்ணியா வீடு வடதுருவக் கடலில் போய் விழும்.

படிவம் பதினைந்து கேள்விக்கு மேல் போகக்கூடாது என்பது என் பிடிவாதம். மழைக்குள் ஈரக் கையோடு நிற்கிறவரிடம் மாத வருமானம் கேட்பது அநியாயம். ஆள் எண்ணிக்கையை வயது, பால்வாரியாக எடுத்தால் மற்றதை எல்லாம் கணக்கிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால் ஒரு வாரத்துக்கு இரண்டு பேர் குடும்பத்துக்கு 5.6 கிலோ, ஏழு பேருக்கு 19.6 கிலோ. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு உலர் உணவுப் பொதி கொடுப்பதால்தான் பெரிய குடும்பம் இரண்டாம் தடவை வரிசைக்கு வருகிறது. பாடசாலையில் 60 குடும்பம், 220 பேர் தங்கினால் ஸ்பியர் எனும் சர்வதேச நிவாரணத் தர அளவுப்படி ஆளுக்கு 15 லீற்றர் என்று நாளுக்கு 3,300 லீற்றர் தண்ணீர் வேண்டும். மலசலகூடம் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. எண்ணிய நேரத்தையும் எழுதுங்கள். பகலில் வீட்டைப் பார்க்கப் போனவர்கள் இரவில் திரும்பி வருவார்கள். நண்பகல் கணக்கை வைத்துப் பாய் கொடுத்தால் பாதிப் பேர் வெறுந்தரையில். கைக்குழந்தை, கர்ப்பிணி, இன்சுலின் எடுப்பவர், டயலிசிஸ் செய்பவர் என்ற நான்கு பெட்டிகளும் கட்டாயம். டயலிசிஸ் என்றால் அடுத்த திகதியையும் கேளுங்கள். பதவி ஸ்ரீபுரப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர், பாதை மூடினால் அவர்களுக்கு நாட்கணக்குத்தான்.

செயற்கைக்கோள் படத்தை நான் ஒதுக்கவில்லை. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் மேகத்தை ஊடுருவும், படம் இலவசம், எந்தப் பிரிவுக்கு முதலில் போவது என்று தீர்மானிக்க அது போதும். ஆனால் இங்கே அது பெரும்போகத்தில் ஏமாற்றும். நீர்ப்பரப்பு ராடாரில் கறுப்பாக விழும். நவம்பர், டிசம்பரில் தம்பலகாமம், கந்தளாய், சேருவில வயல்களில் விதைப்புக்காகக் கட்டிய தண்ணீரும் அதே கறுப்புத்தான். ஜூலையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் வயலெல்லாம் வெள்ளம் என்று வரைபடம் அலறும். வெள்ளத்துக்கு ஓரிரு வாரம் முந்திய, அதே சுற்றுப்பாதைப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எதிர்ப்புறப் பிழையும் உண்டு: சுவர்கள் நெருங்கிய இடத்தில் கதிர் தண்ணீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதால், நீர் புகுந்த வீடுகள் பிரகாசமாகத் தெரிந்து கணக்கில் தவறிவிடும். வயலில் இல்லாத வெள்ளம் காட்டி, வீட்டுக்குள் இருக்கும் வெள்ளத்தை மறைக்கிற படத்தை வைத்துப் பயனாளி எண்ணிக்கை சொல்லக்கூடாது. அதைவிட மனம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அங்கே ஏறுகிற தண்ணீர்தான் பிறகு மூதூருக்கும் வெருகலுக்கும் வருகிறது.

விநியோக நாளில் நடக்கும் பிழை வேறு. முதற்பதிவுப் பட்டியலைச் சிஎஸ்வியாகப் படிவத்தோடு இணைத்துவிட்டால், பதிவின்போது குடும்பத்துக்குக் கொடுத்த நிவாரண அட்டையிலுள்ள கியூஆரை வருடியதும் சிக்னல் இல்லாமலே குடும்பத்தின் விவரம் திரையில் வரும். ஆனால் பக்கத்து மேசைப் போனில் அதே குடும்பம் ஐந்து நிமிடத்துக்கு முன் பொருள் எடுத்தது இந்தப் போனுக்குத் தெரியாது. இணைப்பு வரும்வரை ஒவ்வொரு போனும் தனித்தீவு. ஆகவே ஒரு கிராமப் பிரிவுக்கு ஒரே மேசை. அதோடு அச்சடித்த பட்டியலில் பேனாவால் ஒரு கோடு. அந்த நிவாரண அட்டையைச் சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள், நனைந்தால் கியூஆர் கரைந்துவிடும். ஈரத் திரை தொடுகைக்குக் கீழ்ப்படியாது, எனவே போனுக்கும் ஒரு பை. 10,000 எம்ஏஎச் பவர் பாங்க் 5,000 எம்ஏஎச் போனை ஒரு தடவையும் சற்று மேலும் நிரப்பும், இரண்டு தடவை நிரப்பாது.

இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தயவுசெய்து. தனியாக வாழும் பெண்ணின் பெயர், தொலைபேசி, வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி ஒரே வரியில் இருக்கிற கோப்பு அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பெயர்ப் பட்டியல் என்றாலே பயந்த காலத்தைக் கண்ட ஊர் இது. அறிவித்தல் பலகையில் குடும்ப இலக்கமும் கிடைக்கவேண்டிய அளவும் மட்டும் போதும். தம் இலக்கம் இல்லாதவர் முறையிட ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுக்க ஓர் ஆளும்.

இங்கே பெருமழைக் காலம் ஒக்டோபரில் தொடங்கும். 2020இல் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது டிசம்பர் 2 இரவு. எனவே இந்த வேலைக்கு ஓகஸ்ட், செப்டெம்பர்தான் காலம். அடுப்புக் கணக்கில் பிரிவு வாரியாகப் பட்டியலைப் புதுப்பித்து, இலக்கங்களை ஒரே வடிவாக்கி, படிவத்தை ஒவ்வொரு போனிலும் இறக்கி, விமானப் பயன்முறையில் வைத்து ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள். கடைசியாக இரண்டு அச்சுப் பிரதி. ஒன்று கிராம உத்தியோகத்தரிடம். மற்றது பிரதேச செயலகத்தில், பூட்டிய அலுமாரியில், மேல்மாடியில்.