எதிர்காற்றும் தாழ்ந்த டீயும்

கோவைக்குத் தெற்கே உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் 16 வயதில் கேடியாகச் சேர்ந்த நான், 12 ஆண்டுகள் ஆட்டக்காரர்களின் பை சுமந்த பிறகு, அங்கேயே பயிற்சியாளராக நிற்கத் தொடங்கினேன். இந்தப் பக்கத்தில் வைகாசிக் கடைசியில் எழுந்து ஆவணி வரை ஓயாமல் வீசும் காற்றைப் பற்றி வெளியூரிலிருந்து விளையாட வருபவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அந்த மாதங்களில் மேற்கு பார்த்த டீயில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் மேடையில், நிற்பவருக்கு, மற்ற நாளில் 230 யார்டு போகும் டிரைவ் என்கிற முதல் நீள அடி 180 யார்டு போனாலே பெரிது.

காற்றைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த கேடி. ஆட்டக்காரர்கள் புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்ப்பதை அவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே கவனிப்பார். “புல்லுக்கு அடிக்கிற காத்து வேற, பந்துக்கு அடிக்கிற காத்து வேறடா தம்பி. தென்னை உச்சியைப் பாரு” என்பார். நன்றாகப் பட்ட டிரைவ் 25, 30 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. தரையில் உராய்ந்து தளரும் காற்றைவிட அந்த உயரத்தில் காற்று எப்போதும் வேகமாக இருக்கும். டீயைச் சுற்றி மரங்கள் மறைத்திருந்தால் சட்டைக் காலர்கூட அசையாது, ஆனால் பந்து மரத்தைத் தாண்டி எழுந்தவுடன் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிடும். தென்னங்கீற்றுகள் எந்தப் பக்கம் படிந்திருக்கின்றன, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிமிர்கின்றன என்பதைக் கவனித்துவிட்டுத்தான் இன்றும் நான் எந்தக் கிளப்பை, அதாவது மட்டையை, எடுப்பது என்று பேசுகிறேன்.

எதிர்காற்று எடுத்துக்கொள்வதைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. மணிக்கு 10 மைல் எதிர்காற்றுக்குச் சுமார் 10 விழுக்காடு தூரம் குறையும், அதே பின்காற்றுக்கு 5 விழுக்காடுதான் கூடும் என்பது பயிற்சியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பந்தின் மேல் காற்று செலுத்தும் விசை, காற்றுக்கும் பந்துக்கும் உள்ள ஒப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. எனவே மணிக்கு 215 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்தை 30 கிலோமீட்டர் எதிர்காற்று சந்தித்தால், இழுவிசை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிடுகிறது. இழுவிசையோடு தூக்குவிசையும் கூடுவதுதான் பெரிய தொல்லை. பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்கும். சுழற்சி மிகுந்த பந்து எதிர்காற்றில் பட்டம்போல் எழும்பி, உச்சியில் தயங்கி, செங்குத்தாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும். காற்று பந்தின் சுழற்சியை அதிகமாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் கொடுத்த சுழற்சியின் விளைவைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது. பலமாக அடித்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நம்பி வீசுபவர் கூடுதல் சுழற்சியைத்தான் பெரும்பாலும் பந்துக்குக் கொடுத்தனுப்புகிறார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஆறு ஆண்டுகள் ஒரு பாடத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். “எதிர்காற்றா, டீயைத் தாழ்த்துங்கள்” என்பதே அந்தப் பாடம். பந்தைத் தாங்கத் தரையில் குத்தும் சிறு முளைக்கும் டீ என்றுதான் பெயர். மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லக் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. பந்து தாழ்வாக இருந்தால் தாழ்வாகத்தானே போகும்?

ஓர் ஆடி மாதக் காலையில், ஐம்பதைத் தாண்டிய நூல் வியாபாரி ஒருவருக்கு அதையே சொன்னேன். பயிற்சித் திடலுக்கு, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டீயைப் புல்லோடு புல்லாக அழுத்திவிட்டு அடித்தார். பந்து தாழ்வாகத்தான் கிளம்பியது, ஆனால் நூறு யார்டு தாண்டியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி நின்றது. கருவியில் சுழற்சி நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று காட்டியது. “ஏனுங்க தம்பி, கீழ போகும்னீங்க, அது மேல போயிட்டு வருதுங்களே” என்றார். பதில் சொல்லத் தெரியாமல், கிளப்பில் பந்து படும் முகத்தில் முகப்பவுடரைத் தூவி, “இன்னொண்ணு அடிங்கண்ணா” என்றேன். பந்தின் குழிகள் பவுடரில் வட்டமாகப் பதிந்திருந்தன, முகத்தின் அடி விளிம்பை ஒட்டி. அடுத்த நான்கு பந்துகளும் அங்கேயேதான் பட்டன.

நீள அடிக்கு எடுக்கும் டிரைவர் என்ற கிளப்பின் முகம் மேல்கீழாகச் சற்றே வளைந்தது. எடைமையத்துக்குக் கீழே பந்து பட்டால் தலை முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும், பற்சக்கரம் பற்சக்கரத்தைச் சுழற்றுவதுபோல் அந்த அசைவு பந்துக்குப் பின்சுழற்சியைக் கூட்டிவிடும். மேலே பட்டால் சுழற்சி குறையும். போதாக்குறைக்கு, தாழ்ந்த டீயைக் கண்டவுடன் அவர் கோடரிபோல் மேலிருந்து கீழாக வெட்டவும் தொடங்கியிருந்தார். டீயை வழக்கமான உயரத்துக்கே ஏற்றி, பந்தை அரைப் பந்து அளவு மட்டும் பின்னுக்குத் தள்ளி, பிடியை ஓர் அங்குலம் இறக்கி, முக்கால் வீச்சில் அடிக்கச் சொன்னேன். சுழற்சி 2,700. பந்து தென்னை உச்சிக்குக் கீழேயே நேராகப் போய், விழுந்த பிறகும் கொஞ்சம் உருண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தை எடுத்து வைத்தார். எனக்குத்தான் காது சூடாகியது.

பக்கக்காற்றுக்கு நான் சொல்வது குறைவு. மேற்கு பார்த்து நிற்கும் வலக்கை ஆட்டக்காரருக்குத் தென்மேற்குக் காற்றின் ஒரு பங்கு முதுகில் அடிக்கும்; அது அவரை அறியாமலே கால்விரல்களின் மேல் சாய்த்துவிடுவதால், பந்து கிளப் முகத்தில் தண்டை ஒட்டிய குதிப்பக்கம் பட்டு, வலப்பக்கம் வளையும் ஸ்லைஸாகி, அதே காற்றோடு சேர்ந்து வலப்பக்கம் ஓடிவிடும். கால்களை ஒரு பாதம் அகட்டி, எடையைக் குதிகாலில் உணர்ந்து நிற்கச் சொல்வேன். காற்றை எதிர்த்துப் பந்தை வளைக்கும் வித்தை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது. வாரம் ஒருமுறை வருபவர் இடப்பக்கம் குறிவைத்துவிட்டுக் காற்றிடம் விடுவதே நல்லது. பின்காற்றில் டீயைத் தாராளமாக உயர்த்தலாம்.

பந்தின் அளவும் இதில் சேரும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் பழைய பிரிட்டிஷ் பந்து ஒன்றைப் பையில் வைத்திருப்பார், 1.62 அங்குல விட்டம். இன்றைய பந்து 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விரலிடுக்கில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் கடலோரக் காற்றில் சிறிய பந்து நன்றாக ஊடுருவிப் போகும் என்பதால் பிரிட்டனில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் ஓப்பன் போட்டியில் 1974-இல் அது விலக்கப்பட்டது, 1990-இல் உலகெங்கும் விதியிலிருந்தே போயிற்று. ஆடி வந்தால் அவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார்.

அன்று மாலை, தாழ்ந்த டீப் பாடத்தை என்னிடம் கேட்டுப்போனவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதினேன். பதினேழு பெயர்கள் தேறின. ஒவ்வொருவரையும் அழைத்து, நான் சொன்னது தவறு, வந்தால் காசு வாங்காமல் திருத்தித் தருகிறேன் என்றேன். பெரும்பாலோர் வந்தார்கள். ஒருவர் மட்டும், “இத்தனை வருசம் அதைப் பழகிட்டனுங்க தம்பி, இந்த ஆடி போகட்டுமுங்க” என்றார். அதற்குப் பிறகு மூன்று ஆடி போய்விட்டது. மேற்கு பார்த்த ஒன்பதாம் டீயில் அவர் இன்னும் குனிந்து டீயை அழுத்திக்கொண்டிருக்கிறார்.