அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் முன்

ஃபோட்டோஷாப் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது என்று யாராவது போன் செய்தால், அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். "அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுப் பாத்துட்டேண்ணே, அப்பவும் அதே கதைதான்."

தங்கச்சிமடத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரிந்தவன் என்று பேர் வாங்கிவிட்டதால் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், அதில் ஒன்றும் குறையில்லை. கூப்பிடுவதற்கு முன்பே பாதி நாளை டவுன்லோடில் தொலைத்துவிட்டு வருகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்இன்ஸ்டால் செய்தால் போவது அந்த சாஃப்ட்வேரின் சொந்தக் கோப்புகள்தான். நீங்கள் மாற்றிவைத்த செட்டிங்ஸ் எல்லாம் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் தனியாகக் கிடக்கின்றன. நீக்கும்போது "செட்டிங்ஸை வைத்துக்கொள்ளட்டுமா, எடுத்துவிடட்டுமா" என்று கேட்கும். பல வேலைகளை ஒரே அழுத்தில் செய்யப் பதிந்து வைத்த ஆக்‌ஷன்கள் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் வைத்துக்கொள் என்றே சொல்வார்கள். எழுத்து வடிவக் கோப்புகளான ஃபாண்ட்கள் விண்டோஸின் பொறுப்பில் இருக்கின்றன. திரையில் படம் காட்டும் கார்டை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரும் அப்படியே. கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் இருந்தால், புதிதாகப் போட்ட ஃபோட்டோஷாப் எழுந்ததும் அதே கெட்டுப்போன கோப்பைத்தான் படிக்கும், அதே இடத்தில்தான் விழும். வலை கிழிந்ததற்குப் படகை மாற்றிய கதை.

அப்புறம் என்னதான் செய்வது? முதலில் பார்க்க வேண்டியது, திறக்கும்போது வரும் அந்த முகப்புப் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடும் வரிகள். இப்போது செட்டிங்ஸைப் படிக்கிறேன், இப்போது ஃபாண்ட், இப்போது பிளகின் (கூடுதல் வேலைக்காகச் சேர்க்கும் துணை சாஃப்ட்வேர்) என்று அது தன் வேலையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். எந்த வரியில் மூடிக்கொள்கிறதோ அங்கேதான் வில்லங்கம். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடினால் செல்போனில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். பாம்பன் புதுப் பாலம் மேலே தூக்குவதை ஆளாளுக்கு ஸ்லோமோஷனில் எடுத்து அனுப்புகிறீர்களே, அதே ஸ்லோமோஷன் இங்கேயும் ஆகும்.

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது ஃபாண்ட் கோளாறு. அதற்குக் காரணமும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் வருவதற்கு முன் தமிழ் ஃபாண்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். பாமினி என்ற ஃபாண்ட் ஒரு வரிசை, இன்னொருவர் வேறொரு வரிசை. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளை அறிவித்தது. 2010-இல் யூனிகோடும் டேஸ் 16 என்ற இன்னொரு முறையும் அரசுத் தரமாயின. ஆனால் ஆல்பம் டிசைன் செய்பவனுக்கு அரசாணையா முக்கியம்? பழைய டெம்ப்ளேட் ஒன்றைத் திறந்தால் அதற்குரிய பழைய ஃபாண்ட் இருந்தால்தான் "திருமண வரவேற்பு" ஒழுங்காகத் தெரியும், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து நிற்கும். அதனால் யாரும் எதையும் நீக்குவதில்லை. ஒரு பென்டிரைவ் கடைக்குள் வந்தால் அதில் உள்ள ஃபாண்ட் ஃபோல்டரை மொத்தமாகத் தேர்வு செய்து இன்ஸ்டால் அழுத்துவதோடு சரி. ஒவ்வொரு கடையிலும் இப்படியே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று சேர்ந்திருக்கிறது.

நான் காக்கா என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் கீழக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வளைகுடா விசாவுக்கான படங்கள்தான் அவருக்குப் பெரிய வேலை. நிக்காஹ் ஆல்பமும் செய்வார். "தம்பி, அந்தப் படம் வருது, எழுத்து ஓடுது, அப்புறம் பொசுக்குன்னு காணாமப் போயிருது" என்றார். வீடியோ அனுப்பச் சொன்னேன். கடைசி வரி ஃபாண்ட் பற்றியது. "ஃபாண்ட் எதுவும் புதுசாப் போட்டீங்களா காக்கா?" என்று கேட்டால், "நான் போடல, டிசைன் பண்ற பையன் போட்டிருப்பான்" என்கிறார். பையனைக் கேட்டால் சென்ற வாரம் ஒரு ஆல்பம் டிசைனரிடமிருந்து மொத்தமாக வாங்கிப் போட்டதாகச் சொன்னான்.

இந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு ஃபாண்டாக நீக்கிப் பார்த்தால் விடிந்துவிடும். பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். விண்டோஸோடு வந்தவற்றைத் தொடாமல், நாம் போட்டவற்றில் பாதியை வேறொரு ஃபோல்டருக்கு நகல் எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் பேனலில் உள்ள ஃபாண்ட்ஸ் பகுதியிலிருந்து நீக்குங்கள். ஃபோட்டோஷாப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி நீக்கிய பாதியில் இருக்கிறது, திறக்காவிட்டால் மிச்சப் பாதியில். குற்றவாளி இருக்கும் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் ஃபாண்ட் இருந்தாலும் பத்து முறைக்குள் ஒரே கோப்பில் வந்து நிற்கும், கணக்கு அப்படி. இரண்டு ஃபாண்ட் கெட்டிருந்தால் கொஞ்சம் சுற்றவிடும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து சாதாரணமாக இன்ஸ்டால் அழுத்தினால் ஃபாண்ட் அந்த யூசருக்கு மட்டும் போய்ச் சேரும். அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸில் இருக்காது, யூசரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று ஆழமான ஓர் இடத்தில் இருக்கும். காக்கா கடையில் பையன் விண்டோஸ் ஃபோல்டரை மட்டும் கிளறிவிட்டு "எல்லாம் எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த ஆழத்தில்தான் கிடைத்தது. ஒரே ஃபாண்டுக்கு இரண்டு கோப்புகள், அளவு மட்டும் வேறு. சின்னதைத் திறந்து பார்த்தால் பாதி எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை எடுத்தோம், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தோம், ஆப்டேட்டாவில் ஃபோட்டோஷாப்பின் ஃபோல்டருக்குள் இருக்கும் சி.டி. ஃபாண்ட் கேஷ் என்ற ஃபோல்டரையும் அழித்தோம். அது பழைய ஃபாண்ட் பட்டியலின் நகல்தான், தானே புதிதாக உருவாகிக்கொள்ளும். ஃபோட்டோஷாப் ஒழுங்காக எழுந்து வந்தது.

கடைசி வரி செட்டிங்ஸ் பற்றியதாக இருந்தால் வேலை சுலபம். ஐகானை இரட்டைக் கிளிக் செய்த கையோடு கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ் கோப்பை அழிக்கவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்கள் தாமதமாகப் பிடித்திருக்கிறீர்கள், திரும்பச் செய்யுங்கள். ஃபோட்டோஷாப் செய்யும் அடோபியின் இன்னொரு சாஃப்ட்வேரான லைட்ரூம் கிளாசிக்கில் ஆல்ட்டும் ஷிஃப்டும் மட்டும். செட்டிங்ஸ் கோப்பு எப்படிக் கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு: சாஃப்ட்வேரை மூடும்போது அந்தக் கோப்பு எழுதப்படும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் பல்லைக் காட்டினால், கோப்பு அரைகுறையாக நிற்கும். ஆடியில் கச்சான் காற்று ஆளைத் தூக்கும்போது இங்கே கரண்ட் எப்படி இருக்கும் என்று தீவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த மூன்று விசைகளைத் தொடும் முன் ஆப்டேட்டாவில் ரோமிங், அடோபி என்று போய், உங்கள் பதிப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்பில் நகல் எடுத்து வையுங்கள். நான்குக்கு ஆறு தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் அடுக்கும் ஆக்‌ஷன் ஒன்று ஒவ்வொரு கடையிலும் இருக்கும். யார் செய்தது, எப்போது செய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, அது இல்லாமல் கடையும் ஓடாது. தனிக் கோப்பாகச் சேமிக்காத ஆக்‌ஷனும் பிரஷ்ஷும் ரீசெட்டில் போய்விடும். ஆக்‌ஷன் பேனலின் மெனுவில் சேவ் ஆக்‌ஷன்ஸ் என்று இருக்கிறது. கடை நன்றாக ஓடும் நாளில் அதை ஒருமுறை அழுத்திப் பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

பிளகின் வரியில் விழுந்தால், திறக்கும்போது ஷிஃப்டை மட்டும் பிடியுங்கள். வெளியிலிருந்து போட்ட பிளகின்களை விட்டுவிட்டுத் திறக்கவா என்று கேட்கும். அப்படித் திறந்தால் தோலை வழவழப்பாக்கும் பிளகின் ஏதாவது ஒன்றுதான் காரணம். எடுத்துவிடுங்கள். மணமகளின் முகத்தை மெழுகு பொம்மையாக்கும் அந்த வேலையே எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றால் சி டிரைவில் இடமில்லை என்று அர்த்தம். முன்பு பாதியில் மூடிக்கொண்டபோது விட்டுப்போன, ஃபோட்டோஷாப் டெம்ப் என்று பெயர் தொடங்கும் பெரிய கோப்புகள் டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும். ஃபோட்டோஷாப் ஓடாத நேரத்தில் அவற்றை அழிக்கலாம். திறக்கும்போது கண்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்தால் வேறு டிரைவைக் காட்டிவிடவும் வழி உண்டு.

வரிகள் எல்லாம் ஓடி முடிந்து, ஜன்னல் திறந்து ஒரு மின்னல் மின்னி மூடினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் தேடலில் ஈவென்ட் வியூவர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன், அதில் சிவப்பு அடையாளத்தோடு 1000 என்ற எண் போட்ட வரி. கீழே ஃபால்ட்டிங் மாட்யூல் என்று ஒரு கோப்பின் பெயர் இருக்கும். பெயர் என்.வி. என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா, ஏ.டி.ஐ. என்றால் ஏஎம்டி, ஐ.ஜி. என்றால் இன்டெல். புது டிரைவர் போட்ட பிறகு தொடங்கிய தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். பழைய டிரைவராக இருந்தால் கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள். அந்தச் சிவப்பு வரியில் வேறு கோப்பின் பெயர் இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளகினின் பெயரே அங்கே வந்து நிற்பதும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதற்கு. இன்று ஃபாண்டில், நாளை பிளகினில், மறுநாள் நன்றாகத் திறந்து படத்தைப் பெரிதாக்கும்போது என்று இடம் மாறி மாறி விழுந்தால், கூடவே பிரவுசரும் அவ்வப்போது மூடிக்கொண்டால், சாஃப்ட்வேரை விட்டுவிடுங்கள். ரேம் அல்லது சூடு. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் இதை அலட்சியம் செய்ய முடியாது. கேபினெட்டைத் திறந்தால் உப்பும் பொடி மணலும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் ஈரக் களிம்பாக ஒட்டியிருக்கும், ஸ்குரூ தலைகள் துருப்பிடித்திருக்கும், செம்புப் பாகங்களில் பச்சை பூத்திருக்கும். ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் எல்லோரும் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை ஆகும்தான், ஆனால் அடிக்கடி தேய்த்தால் அந்த மெல்லிய பூச்சே போய்விடும். நான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைப்பேன், நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முடித்ததும் விண்டோஸ் தேடலில் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சோதிக்கும் கருவி கிடைக்கும். ரீஸ்டார்ட் ஆகித் தானே சோதித்துவிட்டு முடிவைச் சொல்லும். பிழை காட்டினால் துடைத்துப் பயனில்லை, புது ரேம் வாங்க வேண்டியதுதான்.

கிராக் போட்ட காப்பி வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதை எல்லாம் செய்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் தூக்கிப்போட்டதால் உங்களுடையது திறக்காமல் இருக்கலாம், அந்தக் கோப்பில் உண்மையிலேயே வைரஸ் இருந்தும் இருக்கலாம். அதை நான் தொடுவதில்லை. காசு கட்ட மனமில்லை என்றால் ஜிம்ப் இலவசம், நேர் வழி. அதுவும் எழும்போது ஃபாண்ட்களைத் தேடும். ஆயிரம் ஃபாண்ட் உள்ள கம்ப்யூட்டரில் முதல் முறை அங்கேயே நெடுநேரம் நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

வாசலில் ஆள் நிற்கும்போது இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். துக்க வீட்டிலிருந்து பழைய குரூப் போட்டோ ஒன்றைக் கொடுத்து, "அப்பா மூஞ்சிய மட்டும் எடுத்துப் போடுங்கண்ணே, மூணு மணிக்கு எடுக்குறோம்" என்று கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வருகிறவரிடம் டிரைவர் கதை சொல்ல முடியாது. பிரவுசரில் ஃபோட்டோபியா (photopea.com) என்ற தளத்தைத் திறங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை அப்படியே இழுத்துப் போடலாம், லேயர்கள் பிரிந்தே வரும். உங்கள் தமிழ் ஃபாண்ட் கோப்பையும் அதே மாதிரி இழுத்துப் போட்டால் அதிலேயே எழுதலாம். முகத்தை வெட்டி எடுத்து, பெயரும் தேதியும் போட்டு, ஜேபெக் ஆக்கி ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு அனுப்பிவிடுங்கள். ஃபாண்டைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைக் கடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம்.