பந்து அறைச் சாவி

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் சிங்கப்பூரிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். "ஹோட்டலில் முப்பது வருடம் பொழுதுபோக்குப் பிரிவை நடத்தியவர் நீங்கள். தலைமைத்துவம் பற்றிச் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார். தலைமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு தீப்பெட்டி.

அதில் தீக்குச்சி இருக்காது. எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு ஊசிகள் இருக்கும், பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிகள். 1972ல் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அந்தத் தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய அந்தப் பந்து அறையின் சாவியும் என்னிடம்தான். பினாங்கை விட்டுப் போய் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த அறையின் வாசனையை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு இழுப்பு. திடலை ஒரு சுற்று ஓடினால் நெஞ்சு விசில் அடிக்கும். அந்தக் காலத்தில் இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று, ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு அணி பிரிப்பார்கள். கடைசியில் நான் மட்டும் நிற்பேன். அப்போதுதான் இரு தலைவர்களுக்கும் பெருந்தன்மை பொங்கும். "பரவாயில்லை, இவனை நீயே வைத்துக்கொள்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுப்பார்கள்.

விளையாட்டு சார் இதை ஒருநாள் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாரையும் உயர வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். அணி பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் திடலில் ஆள் பொறுக்கும் வழக்கமே இல்லை. அன்று மாலை என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "பந்து நாலு. ஐந்தரைக்கு நாலும் உள்ளே இருக்க வேண்டும்." அவ்வளவுதான். உன்னால் முடியும், உனக்குள் திறமை இருக்கிறது என்றெல்லாம் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. சொல்லப்போனால் அவரே நல்ல தொப்பைக்காரர். கணக்கு வாத்தியாருக்குக் கூடுதல் வேலையாகத் தலையில் கட்டியதுதான் விளையாட்டு.

சாவியோடு ஒரு நோட்டும் வந்தது. பெயர், பொருள், எடுத்த நேரம், கொடுத்த நேரம் என்று நான்கு கட்டங்கள். யார் எதை எடுத்தாலும் கையெழுத்து.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு தலைமையாசிரியர் பந்து அறைக்கு வந்தார். தண்ணீர்மலைச் சாலையில் பள்ளியின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் போடுவதாக இருந்தார்கள். மூங்கில் கட்ட வடம் இழுக்கும் கயிறு வேண்டும். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "சார், கையெழுத்து."

"யாருடைய கையெழுத்து?"

"உங்களுடையது, சார்."

படிக்கட்டுக்கு எதிரே இருந்த வகுப்பறையில் விளையாட்டு சார் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. அவருக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பேனா நின்றது. அவர் எழுந்து வந்து "பையன் தெரியாமல் சொல்லிவிட்டான்" என்று சொல்வார், நான் பிழைத்துக்கொள்வேன் என்று காத்திருந்தேன். பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் நிமிரவே இல்லை. தலைமையாசிரியர் என்னை ஒரு முறை பார்த்தார், ஜன்னலை ஒரு முறை பார்த்தார். பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், நேரத்தோடு. தைப்பூசம் முடிந்த மறுநாள் கயிறும் திரும்பி வந்தது. அன்று அந்த ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் சாவி விளையாட்டு சாருடையது, நான் அதை மாட்டும் வெறும் ஆணி என்று ஆகியிருக்கும்.

தாவரப் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு நடத்திக் கூட்டிப்போனதும் அவர்தான். மலை ரயில் 1923லிருந்து ஓடுகிறது, ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்க யாரிடம் பணம் இருந்தது? ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் அளவுதான், ஆனால் செங்குத்து. என்னை முதல் ஆளாக விட்டார். இழுப்புக்காரன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பள்ளியின் ஓட்டக்காரனை வால் பகுதியில் நிறுத்தி, ஒவ்வொரு வளைவிலும் தலை எண்ணச் சொன்னார். அவனுக்குக் கோபம், எனக்குப் பெருமை. உச்சியில் எல்லாரும் ஒன்றாகவே உட்கார்ந்து நெத்திலிச் சம்பலோடு சோறு சாப்பிட்டோம். குரங்குகளும் பங்கு கேட்டன.

1973ல் ராசா சாயாங் ஹோட்டல் திறந்ததற்குப் பிறகு பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஹோட்டல்கள் பெருகின. நம் பையன்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. 1981ல் நானும் ஒரு ஹோட்டலில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். துண்டு கொடுப்பது, கடலில் ஜெல்லி மீன் வந்தால் சிவப்புக் கொடி ஏற்றுவது, விருந்தினர் பிள்ளைகளை மேய்ப்பது என்று தொடங்கி, பிரிவுக்கே பொறுப்பாளரானேன். ஆனதும் சாரை மறந்தேன். பினாங்குப் பாலம் திறந்த 1985ல், ஒரு கம்பெனி ஊழியர்களின் குடும்ப தினத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தவன் விடவில்லை. சாக்குப் பந்தயம், கரண்டியில் எலுமிச்சை, பலூன் உடைப்பது என்று பத்து நிமிடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் நானே அறிவித்தேன், நானே அணி பிரித்தேன், நானே விசில் ஊதினேன். மதியம் மேலாளர் கூப்பிட்டார் என்று கால் மணி நேரம் உள்ளே போய் வந்தேன். வந்து பார்த்தால் திடலில் ஒருவரும் இல்லை. எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்து, அதிர்ஷ்டக் குலுக்கல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் இதற்கு விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற மூவர் செய்த ஆய்வு, 1939ல் வெளிவந்தது. பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்ன மன்றங்களாகப் பிரித்து, நாடக முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் ஒவ்வொரு படியையும் தானே கட்டளையிட்டார். இன்னொருவர் பையன்களோடு பேசித் திட்டமிட்டார். மூன்றாமவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார், அங்கே வேலையும் குறைவு, தரமும் மட்டம். முதலிரண்டு குழுக்களின் வேறுபாடு தலைவர் அறையை விட்டு வெளியே போன நிமிடங்களில்தான் வெட்ட வெளிச்சமானது. கட்டளைக் குழுவில் வேலை படுத்துவிட்டது. பேசித் திட்டமிட்ட குழுவில் ஏறக்குறைய அப்படியே நடந்தது. பயிற்சியாளர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு மர நிழலும் தெரிந்தது, பேனா ஓடிய அந்த ஜன்னலும் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியை எடுக்கவே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பிள்ளைகள் மன்றத்துச் சாமான் பெட்டியின் சாவியை அந்த வாரம் யார் தங்கியிருக்கிறார்களோ அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுப்பேன். ஜெர்மன் பிள்ளை, ஜப்பான் பிள்ளை, ஈப்போவிலிருந்து வந்த பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. ஒரு சாவிகூடத் தொலைந்ததில்லை. ஊழியர்கள் தொலைத்தவை தனிக் கணக்கு.

சார் காலமாகி வெகுநாள் ஆகிறது. 2018ல் ஒரு வேலையாகப் பள்ளிக்குப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே அதே அறை, புதுக் கதவு, 'விளையாட்டுப் பொருள் அறை' என்று பலகை. கதவு திறந்திருந்ததால் குனிந்து நுழைந்து, பந்து ஒன்றை எடுத்துக் காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன்.

"தாத்தா, எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்."

இரட்டைச் சடைப் பெண். ஆறாம் வகுப்பாக இருக்கும். அந்தத் 'தாத்தா' கொஞ்சம் குத்தியது. "வெளியே கொண்டுபோகவில்லை அம்மா, சும்மா தொட்டுப் பார்த்தேன்" என்றேன். அவள் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள். பெயர், பொருள், நேரம் 4.10 என்று எழுதினேன். அவள் நான்காவது கட்டத்தை விரலால் தட்டினாள்.

"எத்தனை மணிக்குத் திருப்பித் தருவீர்கள்?"